கை எங்களுது, கையெழுத்து யாருது?

ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டுப் போட்டவங்க எல்லாரும் டாக்டர்தான்னு நம்ம சனங்க நெனைக்கிறாங்க. நான் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பில் சேர்ந்ததும் சிறுசேரி காலனியில் எனக்கு 'டாக்டரம்மா'ன்னு பேர் வந்துவிட்டது. டாக்டர் இல்லை என்று சொன்னால், "அப்ப நர்சா?" என்பார்கள். நர்சும் இல்லை. "அப்ப என்னாதான்மா நீ?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆஸ்பத்திரிக்கே இதுக்கு ஒழுங்கான பதில் தெரியாது.

செய்கிற வேலையைச் சொல்கிறேன். நோயாளியிடம் விவரம் கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதணும். உடம்பைத் தொட்டுப் பார்க்கணும். ரத்தம் எடுக்கணும், தையல் போடணும், ஆபரேஷனில் சர்ஜனுக்கு எதிர்ப்பக்கம் நிற்கணும். வீட்டுக்குப் போகிறவருக்கு டிஸ்சார்ஜ் சம்மரி எழுதணும். எல்லாம் எழுதி முடித்ததும் கீழே டாக்டர் கையெழுத்துப் போடுவார்.

இந்தப் படிப்பு 1965-ல் அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. கடற்படையில் மருத்துவ உதவி வேலை பார்த்துத் திரும்பிய 4 பேரை வைத்து டாக்டர் யூஜின் ஸ்டெட் ஆரம்பித்தார். இந்தியாவுக்கு 1992-ல் வந்தது. வந்த இடம் நம்ம சென்னைதான். மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதய அறுவை மருத்துவர் கே.எம். செரியன் கொண்டு வந்தார். அரசுக் கல்லூரிகளிலும் பிறகு வந்தது. 3 வருசம் படிப்பு, 1 வருசம் பயிற்சி.

நம்ம பிள்ளைகள் இதுக்கு வந்த கதை வேற. 2017-ல் தமிழ்நாட்டில் நீட் கட்டாயமானது. பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்த அரியலூர் மாவட்டத்து அனிதாவை அந்த வருசம் செப்டம்பர் 1-ஆம் தேதி பறிகொடுத்தோம். எம்.பி.பி.எஸ். கதவில் முட்டித் திரும்பியவர்கள், பிளஸ் டூ மார்க்கை வைத்துச் சேரக்கூடிய படிப்புகளுக்கு வந்தோம். நானும் அப்படி வந்தவள்தான். அம்மா சிப்காட்டில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் தரை துடைக்கிறார். அந்தச் சம்பளமும் ஸ்காலர்ஷிப்பும்தான் என் படிப்பு.

வகுப்பில் இருக்கும்வரை சாதி பெரும்பாலும் காகிதத்தில்தான் இருந்தது. ஸ்காலர்ஷிப் லிஸ்ட் வாசிக்கும்போது எழுந்து நிற்பதோடு சரி. போஸ்டிங் தொடங்கியதும் அது உடம்புக்கு வந்துவிட்டது. மெடிசின், சர்ஜரி, பிரசவ வார்டு, குழந்தைகள் வார்டு, கேஷுவாலிட்டி என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். போஸ்டிங் என்பது தொடுகிற படிப்பு. வயிற்றைத் தொடுமுன் உள்ளங்கையைச் சூடாக்கிக்கொள் என்று புத்தகம் சொல்லும். சில்லென்ற கை பட்டால் நோயாளி வயிற்றை இறுக்கிக்கொள்வார், உள்ளே இருக்கிற வலி பிடிபடாது. கை எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று கேட்டால் என்ன செய்வது என்று மட்டும் அதில் இருக்காது.

தாம்பரம் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. மெடிசின் வார்டில் ஐம்பது வயசு அம்மா, வயிற்று வலி. எத்தனை நாளா வலி, எங்க வலி என்று கேட்டுக்கொண்டே வந்தேன். அந்தம்மா திருப்பிக் கேட்டார்.

"எந்த ஊரும்மா நீ?"

"சிறுசேரிங்க."

"சிறுசேரில எங்க?"

"காலனிங்க."

சேலையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார். "பெரிய டாக்டர் வந்து பாக்கட்டுமே."

"பெரிய டாக்டர் வந்தாலும் நான் எழுதி வச்சதத்தாம்மா படிப்பாரு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சேலையை விலக்கினார். மனசு மாறிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். வலி பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்க ஆயாவும் இதே வயிறுகளைத் தொட்டவங்கதான். ஊர்த் தெருவில் பிரசவ வலி கண்டால் ராத்திரி எந்நேரமானாலும் ஆள் வரும். கொல்லைப்புற வாசல் வழியா போவாங்க. பிள்ளையை வாங்கி, தொப்புள் கொடி அறுத்து, எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டு வருவாங்க. கூலி படி அரிசியும் பழைய சேலையும். அவங்க இந்தப் பக்கம் வந்ததும் அந்த வீட்டைக் கழுவி விடுவாங்க. பிள்ளையை ஏந்துகிற கை தீட்டில்லை, ஏந்தி முடித்த கை தீட்டு. இது என்ன கணக்கு?

ஆஸ்பத்திரியும் ஒரு ஊர்தான். சீஃப், அவருக்குக் கீழே பி.ஜி., ஹவுஸ் சர்ஜன், நர்ஸ், எங்களைப் போன்றவர்கள், டெக்னீசியன், வார்டு பாய். கடைசியில் துப்புரவுப் பணியாளர். சாதியைப் படிப்படியான ஏற்றத்தாழ்வு என்றார் அம்பேத்கர். ஒவ்வொருத்தனுக்கும் கீழே ஒருத்தன் இருப்பதால் மேலே பார்த்துக் கேட்க யாருக்கும் மனசு வருவதில்லை. அந்தக் கடைசிப் படியில் நான் பார்த்த முகங்கள் பெரும்பாலும் நம்ம முகங்கள்.

சர்ஜரி போஸ்டிங்கில் வார்டைப் பெருக்கிக்கொண்டிருந்தவர் எனக்கு அத்தை முறை. என்னைப் பார்த்ததும் தெரியாத மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். "அத்தே" என்று எல்லார் காதிலும் விழும்படி கூப்பிட்டேன். ஓரமாக இழுத்துப்போய், "உனக்கு எதுக்குடி தொல்ல? வெள்ளக் கோட்டு போட்டிருக்க" என்றார். பிறகு அவரே, "அஞ்சாம் பெட்டுப் பெரியவரு நேத்து ராத்திரிலருந்து ஒண்ணுக்கே போவல. பாட்டில் காலியா கெடக்கு" என்றார்.

போய்ப் பார்த்தேன். முதல் நாள் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆனவர். அடிவயிறு பானை மாதிரி உப்பிக் கிடந்தது. தட்டிப் பார்த்தால் மந்தமான சத்தம். மயக்க ஊசிக்குப் பிறகு வயசானவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்வதுண்டு. பி.ஜி.யிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். டியூப் போட்டதும் பெரியவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்றைக்குக் கேஸ் ஷீட்டில் என்ன எழுதியிருந்தது? பி.ஜி. பார்த்தார், டியூப் போட்டார் என்று இருந்தது. தட்டிப் பார்த்த என் கை அதில் இல்லை. காலி பாட்டிலைக் கவனித்த அத்தையின் கண் இல்லவே இல்லை.

இது இன்றைக்கு நேற்று வந்ததல்ல. எல்.எம்.பி. படிப்பை விட்டுவிட்டு ஒரே தரமான டாக்டர்களை உருவாக்கச் சொன்னது 1946-ஆம் ஆண்டு போர் கமிட்டி. நல்ல எண்ணம்தான். ஆனால் இடையில் இருந்த வேலை எங்கும் போய்விடவில்லை. கம்பவுண்டர் செய்தார், டிரெஸ்ஸர் செய்தார், ஆயா செய்தார். வேலை இருந்தது, பெயர்தான் இல்லை.

2021-ல் துணை மருத்துவத் தொழில்களுக்கென்று பார்லிமெண்ட் ஒரு சட்டம் போட்டது. அதில் எங்கள் தொழிலும் இருக்கிறது, மத்தியிலும் மாநிலத்திலும் பதிவேடு வைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. இங்கிலாந்தில் அசோசியேட்டா அசிஸ்டென்ட்டா என்று பெரிய சண்டை நடந்து, அசிஸ்டென்ட் என்றே அழைக்கலாம் என்று 2025-ல் ஒரு ஆய்வறிக்கை சொன்னது. எனக்கு அந்தப் பட்டம் பெரிசில்லை. டாக்டர் வேசம் போடவும் ஆசையில்லை. நோயாளிக்குத் தன்னைத் தொட்டது யார் என்று தெரியணும். தப்பு நடந்தால் பொறுப்பை எங்கள் தலையில் கட்டத் தெரிகிறவர்களுக்கு, சரியாகச் செய்ததை எங்கள் பேரில் எழுதவும் தெரியணும்.

சமத்துவம் பேசுகிற டாக்டர்களிடமும், மருத்துவம் படிக்கிற தோழர்களிடமும் கேட்பது கொஞ்சம்தான். கேஸ் ஷீட்டில் 'பரிசோதித்தவர்' என்று ஒரு கோடு போடுங்கள். எங்கள் பெயரை நாங்களே எழுதிக்கொள்கிறோம். அதுக்கு மேலே 'முதலில் கவனித்தவர்' என்று இன்னொரு கோடும் போடுங்கள். எங்கத்தைக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்.