பதிவாகாத சொத்து

தந்தையர் தம் மக்களுக்கு விட்டுச்செல்லும் சொத்துகளுள் எந்தப் பதிவு அலுவலகத்திலும் பதிவாகாதது ஒன்றுண்டு. அது குருதிவழி வரும் உடற்கூறு. மூக்கின் வடிவும் குரலின் சாயலும் வருவது போலவே சில நோய்களுக்கான வாய்ப்பும் வந்து சேருகிறது. வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்க இயலாத சொத்து அது.

எங்கள் குடும்பம் அம்பத்தூருக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகிறது. 1960களில் உருவான தொழிற்பேட்டையில் என் தந்தையார் லேத் இயக்கினார். 46 வயதில் இரவுப் பணியின்போது சாய்ந்தவர் எழவில்லை. சித்தப்பா அந்த வயதைக்கூட எட்டவில்லை. இதயத் தசை தடித்துப்போகும் நோய் என்று அதற்கொரு பெயர் கிடைத்தது, என் தங்கை மூச்சிரைப்போடு மருத்துவரிடம் சென்ற பின்னரே. மரபணுச் சோதனை செய்தால் பிள்ளைகளுள் எவருக்கு அக்கூறு வந்துள்ளது என அறிந்து, முன்கூட்டியே காக்கலாம் என்றார் அவர்.

தங்கை மகன் மறுத்துவிட்டான். ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேரவிருந்த நேரம். “மாமா, தெரிந்துகொண்டால் படிவத்தில் எழுத வேண்டும். எழுதினால் வேலையும் கிடைக்காது, பாலிசியும் கிடைக்காது. தெரியாமலே இருந்துவிடுகிறேன்” என்றான்.

அவனுடைய அச்சம் வெறும் கற்பனையன்று. தில்லியில் ஒருவர் பல ஆண்டுகள் தவறாமல் மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பித்து வந்தார். 2011 இல் இதே இதய நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தபோது, ‘மரபணுக் கோளாறுகளுக்கு இழப்பீடு இல்லை’ என்னும் விதியைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா நிறுவனமே அது. கீழ்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளிக்க, நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2018 பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்ற நீதிபதி பிரதிபா எம். சிங், இத்தகைய பொத்தாம் பொதுவான விலக்கு அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு தரும் சமத்துவத்துக்கு முரணானது என்றார். இதய நோய், நீரிழிவு, இரத்த அழுத்தம் எல்லாவற்றிலும் மரபின் பங்கு உண்டாகையால், இவ்விதி யாரைத்தான் விட்டுவைக்கும்? வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது. 2019 இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், மருத்துவக் காப்பீட்டில் மரபணு நோய்களை விலக்கக்கூடாது என விதித்தது.

இது ஏதோ ஒரு சிலரின் துயரமன்று. ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்தோர் உள்ளிட்ட அறிஞர்கள் 2009 இல் வெளியிட்ட ஆய்வின்படி, இதயத் தசை நோயோடு தொடர்புடைய ஒரு மரபணு மாற்றம் தெற்காசிய மக்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரிடம் உள்ளது. அவர்களுள் பலர் நோயின்றியே வாழ்ந்து முடிப்பர். வாய்ப்பு வேறு, நோய் வேறு.

வேலைவாய்ப்பில் நிலைமை இன்னும் தெளிவில்லாதது. அமெரிக்க இரயில் நிறுவனம் ஒன்று, கைவலியால் இழப்பீடு கேட்ட தொழிலாளரின் குருதியை அவர்கள் அறியாமலே மரபணுச் சோதனைக்கு உட்படுத்தியது 2001 இல் வெளிப்பட்டது. 2008 இல் அந்நாடு, மருத்துவக் காப்பீட்டிலும் வேலையிலும் மரபணு காட்டிப் பாகுபடுத்துவதைத் தடுக்கும் சட்டம் இயற்றியது. ஆயுள் காப்பீடு அதிலும் விடுபட்டது. நம் நாட்டில் அத்தகைய தனிச்சட்டம் இல்லை. 2016 இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தலசீமியா, ஹீமோஃபிலியா போன்றவை உள்ளோரைக் காக்கிறது. நோய் வரக்கூடும் என்ற நிலையில் மட்டும் இருப்பவர், நலமாக இருப்பதாலேயே காவலற்றவராகிறார்!

அபாயத்தை அறியாமல் காப்பீடு வழங்கினால், நோய் வரும் என அறிந்தோரே மிகுதியாகச் சேர்வர். சுமை மற்றவர்மேல் விழும் என்று நிறுவனங்கள் வாதிடுகின்றன. இதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் ஒருவரின் சுமையைப் பலர் பகிர்வதன்றோ காப்பீட்டின் பொருள்? எங்கள் தந்தையார் காலத்திலேயே தொழிற்பேட்டை அதனைக் கண்டிருந்தது. 1948 இன் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், கூலியைக் கணக்கிட்டே சந்தா பிடித்தது. பாட்டன் எந்நோயால் இறந்தார் என்பதைக் கொண்டு சந்தாவை ஏற்றவில்லை. அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் வரிசையில் திடமானவரும் நலிந்தவரும் ஒரே அட்டையோடு நின்றனர்.

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், குற்றம் அவருடையதா, பெற்றோருடையதா என்று வினவியதை நாம் அறிவோம். குற்றவாளியைத் தேடிய அக்கேள்வியையே இயேசு ஏற்கவில்லை. பிறப்பைக் குற்றமாக எண்ணும் அவ்வழக்கம் இன்று படிவத்தின் ஒரு கட்டமாக மாறி வந்திருக்கிறது.

தங்கை மகன் வேலையில் சேர்ந்துவிட்டான். சோதனைக்கு இன்னும் செல்லவில்லை. அவனுக்கு இரவுப் பணி உள்ள நாள்களில் தங்கை உறங்குவதில்லை.

உயிர்காக்கும் அறிவு கைக்கெட்டும் தொலைவில் இருந்தும், பிழைப்புக்கு அஞ்சி இளைஞர் அதனை மறுக்கும் நிலை ஒரு சமுதாயத்துக்குப் பெருமையன்று. குருதி சொல்லும் செய்தி நோயாளிக்கும் மருத்துவருக்கும் உரியது. வேலை தருபவர் அதனைக் கேட்கலாகாது என்று சட்டம் தெளிவாக உரைக்கட்டும். அறிந்துகொள்ளும் துணிவு அதன் பிறகே வரும்.