மாண்டலின் யாருடைய மடியில்?

சென்ற ஆண்டின் மழைக்காலத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியரொருவர், பிறநாட்டிலே குடியேறிவிட்ட தம் மக்களுடன் வாழப் புறப்படுமுன், இசைத்தட்டுகள் நிறைந்த பெட்டியொன்றையும் அவற்றைச் சுழற்றும் பழைய பொறியையும் என்னிடம் ஒப்படைத்துச் சென்றார். பெட்டியிலிருந்தவற்றுட் பெரும்பாலானவை நாதஸ்வரமும் வாய்ப்பாட்டுமே. இரண்டு மட்டும் வேறினத்தவை. ஒன்று, இத்தாலியரான அந்தோனியோ விவால்டி இயற்றிய மாண்டலின் கொன்சேட்டோக்களைக் கொண்டது. மற்றையது, யொஹான் நெப்போமுக் ஹம்மல் இயற்றிய மாண்டலின் கொன்சேட்டோவைக் கொண்டது.

முதலாவது தட்டை நான் கேட்டுக்கொண்டிருந்த மாலையொன்றில், இரவல் பெற்ற நூலைத் திருப்பித்தர வந்த உயர்தர வகுப்பு மாணவனொருவன், வாயிலில் நின்றவாறே சிறிது நேரம் செவிமடுத்தான். பின்னர், "சேர், இது பிரபுக்களுடைய சங்கீதமல்லவா? நீங்கள் இதைக் கேட்கிறீர்களே!" என்றான்.

பாதி விளையாட்டாகவே அவன் கேட்டான். எனினும் அவ்வினா என்னைச் சுட்டது. பல்கலைக்கழகத்திற் பயின்ற காலத்தில், விவாத மேடையொன்றில், ஐரோப்பிய அரங்கிசை முழுவதையும் 'அரண்மனைகளின் ஏப்பம்' என்று வருணித்துக் கைதட்டல் பெற்றவன் நான். ஆசிரியனான பின்னர் வகுப்பறையிலும் அவ்வாசகத்தைச் சொல்லியிருக்கிறேன். அன்று அந்த மாணவன், நூலோடு சேர்த்து என் வாசகத்தையும் என்னிடம் திருப்பித் தந்துவிட்டான்.

அவனுக்கு அப்பொழுது நான் விடை கூறவில்லை. விடை தேடப் புகுந்தபொழுது அறிந்தவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

கொன்சேட்டோ என்பது, தனி வாத்தியமொன்று வாத்தியக்குழுவுடன் எதிர்நின்றும் இணைந்தும் உரையாடும் இசைவடிவம். பெரும்பாலும் விரைவு, மந்தம், விரைவு என மூன்று பகுதிகளாக அது அமையும். குழுவின் முன் தனித்து நிற்கும் வாத்தியத்துக்குக் குரல்வளம் வேண்டும். வயலினுக்கு வில் உண்டு. வில் நகருமளவும் நாதம் நிற்கும். மாண்டலினின் தந்தியோ மீட்டிய மறுகணமே தேயத் தொடங்கிவிடுகிறது. எனவே, இவ்வாத்தியத்துக்குக் கொன்சேட்டோ எழுதுபவர் ஏனைய வாத்தியங்களை அடக்கி வைத்தல் வேண்டும். விவால்டி தமது ஸி மேஜர் கொன்சேட்டோவின் கையெழுத்துப் பிரதியில், வயலின்கள் யாவற்றையும் வில்லின்றி விரலாலே மீட்டியும் வாசிக்கலாம் என்று குறித்துவைத்தார். வலிய குரல்கள் தாழ்ந்தாலன்றி மெலிய குரல் கேளாது என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

அவர் எழுதிய இசையை வாசித்தவர்கள் யாவர்? 1703ஆம் ஆண்டில் விவால்டி, வெனிஸ் நகரத்துப் பியேத்தா என்னும் அநாதை இல்லத்தில் வயலின் ஆசிரியராக அமர்ந்தார். இடையிடையே முறிந்த போதிலும், அவ்வில்லத்துடன் அவர் கொண்ட தொடர்பு 1740வரை நீடித்தது. வறுமையினாலும் ஊர்ப்பழிக்கு அஞ்சியும் பெற்றோர் கைவிட்ட குழந்தைகள் அங்கு வளர்ந்தனர். பெண்பிள்ளைகளுள் ஆற்றலுடையோருக்கு இசை பயிற்றப்பட்டது. அவர்கள் ஆலயத்தின் மேன்மாடத்தில், கிராதிகளின் மறைவிலே நின்று வாசித்தனர். கீழே அமர்ந்திருந்த சீமான்களும் பிறநாட்டுப் பயணிகளும் இசையைக் கேட்டனர். வாசித்தவர்களின் முகங்களைக் கண்டிலர். அவர்கள் அளித்த நன்கொடை இல்லத்தின் வருவாயாயிற்று.

அப்பெண்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. ஆதலின், அவர்கள் வாசித்த வாத்தியமே அவர்களது பெயரின் பின்னொட்டாயிற்று. அவர்களுள் மிகுந்த புகழ் பெற்றவர் 'வயலின் அன்னா மரியா'. 1696ஆம் ஆண்டளவிற் பிறந்து 1782இல் மறைந்த இப்பெண், வயலினோடு மாண்டலின் முதலிய வேறு வாத்தியங்களிலும் வல்லவராயிருந்தார். விவால்டி அவருக்கென்றே பல வயலின் கொன்சேட்டோக்களை எழுதினார். மணம் முடித்து இல்லத்தை விட்டு நீங்கும் பெண், இனிப் பொதுமேடையில் வாசிப்பதில்லையென உறுதியளித்தல் வேண்டும் என்பது அங்கிருந்த விதி. கிராதிக்கு உள்ளே இசை இருந்தது. வெளியே வாழ்க்கை இருந்தது. இரண்டும் ஒருங்கே கிட்டவில்லை.

1740ஆம் ஆண்டு மார்ச்சில் சாக்சனி நாட்டு இளவரசர் வெனிஸில் தங்கியிருந்தபொழுது, பியேத்தாவின் பெண்கள் அவர்முன் வாசித்த படைப்புகளுள் ஒன்று, இரண்டு மாண்டலின்களும் வேறு பல அரிய வாத்தியங்களும் இடம்பெற்ற விவால்டியின் கொன்சேட்டோ. அதற்கு நான்காண்டு முன்னர், 1736இல், விவால்டி குயிதோ பென்திவோலியோ என்ற பிரபுவுக்கு எழுதிய கடிதமொன்றில், தாங்கள் இன்னும் மாண்டலினில் இன்புறுகின்றீர்களா என வினவியிருக்கிறார். ஒரே வாத்தியம் பிரபுவின் மடியிலும் கிடந்தது; அநாதைப் பெண்ணின் மடியிலும் கிடந்தது. அவருக்கு அது பொழுதுபோக்கு. இவளுக்கு அதுவே உணவும் பெயரும். என் மேடை வாசகம் பிரபுவை மட்டுமே கண்டிருந்தது.

1741இல் விவால்டி வியன்னாவில் வறியவராக இறந்தார். அவருடைய கையெழுத்துப் பிரதிகள் பல கைகள் மாறி மறைந்தன. 1926இல், வட இத்தாலியிலுள்ள துறவோர் கல்லூரியொன்று தன்னிடமிருந்த பழைய இசைச்சுவடிகளை விற்க முனைந்து, தூரின் நகரத்து நூலகத்தின் மதிப்பீட்டை நாடியது. அல்பேர்த்தோ ஜெந்திலி என்ற பேராசிரியர் அவற்றை ஆராய்ந்து விவால்டியின் தொகுதிகளைக் கண்டார். எஞ்சிய பாதி பிறிதொரு குடும்பத்தினரிடமிருந்து பின்னர் கிடைத்தது. அவற்றை வாங்க நூலகத்திடம் பணமில்லை. ரொபேர்த்தோ ஃபோவா, பிலிப்போ ஜோர்தானோ என்னும் இருவர் வாங்கி அளித்தனர். இருவரும் இளம் மைந்தரை இழந்த தந்தையர். மவுரோ, ரென்சோ என்ற அக்குழந்தைகளின் பெயர்களையே அத்தொகுப்புகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. மாண்டலின் கொன்சேட்டோக்களின் பிரதிகளும் அந்நூலகத்திலேயே உள்ளன. ஜெந்திலியோ யூதர். 1938இல் முசோலினி அரசு இயற்றிய இனச்சட்டங்கள் அவரது பதவியைப் பறித்தன. இத்தாலியின் செல்வத்தை மீட்டவருக்கு இத்தாலியிலே இடமில்லாமற் போயிற்று.

என்னிடமுள்ள இரண்டாவது தட்டின் கதை வேறு. ஹம்மல், மொசாட்டின் மாணவர். 1799இல், மாண்டலின் வித்தகரான பார்த்தொலோமேயோ போர்த்தொலாசிக்காக அவர் ஜி மேஜர் கொன்சேட்டோவை இயற்றினார். மூன்றாண்டு முன்னர் பேத்தோவனும் மாண்டலினுக்குச் சில சிறு படைப்புகளை எழுதியிருந்தார். ஆயினும் அரங்குகள் பெருகி, பியானோவின் முழக்கம் ஓங்கவே, மென்குரல் வாத்தியம் அரங்கினின்றும் ஒதுங்கிற்று.

ஒதுங்கிய வாத்தியம் மக்களிடம் சென்றது. கொண்டுசெல்ல எளிதாய், பழக எளிதாய் இருந்தமையால், அது உழைப்பவர் கைகளில் உலகைச் சுற்றியது. நியூயோர்க்கில், யூதத் தொழிலாளர் 1920களில் 'ஃப்ரைஹைட்' என்ற மாண்டலின் குழுவை நடத்தினர். 'விடுதலை' எனப் பொருள்படும் அப்பெயர், அவர்களது இடதுசாரிப் பத்திரிகையின் பெயருமாகும். கனடாவில், உக்ரேனியத் தொழிலாளர், விவசாயர் சங்கத்தின் மண்டபங்கள் தோறும் மாண்டலின் குழுக்கள் இயங்கின. 1940இல் அந்நாட்டரசு அச்சங்கத்தைத் தடைசெய்து மண்டபங்களைக் கைப்பற்றிய காலத்தில், அக்குழுக்களும் தம் இருப்பிடங்களை இழந்தன. பிரபுக்களின் சங்கீதத்துக்கு இத்தகைய விதி நேர்வதில்லை.

அரங்கு மறந்த கொன்சேட்டோக்களுக்கு மறுவாழ்வு தந்தவற்றுள் இசைத்தட்டு முதன்மையானது. ஒலிவாங்கியைத் தந்தியின் அருகில் வைத்தால், பெருமண்டபத்திற் கேளாத நாதம் சிற்றறையில் முழுமையாகக் கேட்கும். 1959இல் பாதுவா நகரில் குளோடியோ சிமோனே அமைத்த 'இ சொலிஸ்தி வெனெத்தி' குழுவுடன், பொனிஃபாசியோ பியாங்கி, அலெசாந்திரோ பித்ரெல்லி இருவரும் விவால்டியின் மாண்டலின் படைப்புகளைத் தட்டுகளில் வாசித்தனர். 1979இல் வெளிவந்த 'கிரேமர் வேர்சஸ் கிரேமர்' என்ற திரைப்படம், விவால்டியின் ஸி மேஜர் கொன்சேட்டோவை அதன் பெயரறியாதவர் செவிகளுக்கும் கொண்டுசென்றது. வியன்னாவிலே பதிவான ஹம்மலின் கொன்சேட்டோவோ, 'ரேர்ண்எபவுட்' என்ற மலிவு விலை முத்திரையுடன் வந்தது. வின்சென்ஸ் ஹிளாட்கி குழுவை நெறிப்படுத்த, மாண்டலின் வாசித்தவர் எடித் பவர்-ஸ்லைஸ் என்னும் பெண்மணி. கிராதியின் மறைவு அவருக்கில்லை.

தட்டு முழு உண்மையையும் சொல்வதன்று என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஒலிவாங்கியை அமைப்பவன் மெலிந்ததை வலிந்ததாக்குகிறான். இயல்பான கூடத்தில் அச்சமநிலை இல்லை. மேலும், விவால்டியின் காலத்து மாண்டலினில் இருந்தவை குடல்நரம்புத் தந்திகள். தட்டிலே ஒலிப்பது பெரும்பாலும், 19ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் கைவினைஞர் செப்பனிட்ட, இரட்டை இரட்டையாய் எட்டு உருக்குக் கம்பிகளைக் கொண்ட வாத்தியம்.

நம்மவர்க்கு மாண்டலின் என்றதும் நினைவில் எழுபவர் உப்பலபு ஸ்ரீனிவாஸ் (1969–2014). அவரும் இதே குறையை எதிர்கொண்டார்: நிலையாத நாதம்; கமகத்துக்கு இடங்கொடாத இரட்டைக் கம்பிகளும் மெட்டுகளும். ஐரோப்பியர் ஒரே சுரத்தை இடைவிடாது அதிரவைத்து நாதத்தை நீட்டினர். ஸ்ரீனிவாஸோ இரட்டைக் கம்பிகளை நீக்கி, ஐந்து தனித் தந்திகளும் மின்னொலிப் பெருக்கமும் கொண்டு கர்நாடக இசையின் குழைவைப் பெற்றார். வாத்தியம் எவருடைய மடியிலே கிடக்கின்றதோ, அவருடைய தேவைக்கேற்ப அது மாறுகின்றது. பிறப்பினாலே அது எந்த வர்க்கத்துக்கும் உரியதன்று.

சில வாரங்களின் பின் அம்மாணவன் மீண்டும் வந்தான். இரு மாண்டலின்களுக்கான ஜி மேஜர் கொன்சேட்டோவின் நடுப்பகுதியைக் கேட்கச் செய்தேன். ஒருத்தி கேட்க மற்றவள் மறுமொழி கூறுவதுபோல இரு வாத்தியங்களும் பேசிக்கொள்ளும் மந்தகதிப் பகுதி அது. பியேத்தாவின் கதையையும் சொன்னேன். விவாத மேடையில் நான் பேசியதையும், அது தவறென இன்று கருதுவதையும் மறைக்காமற் சொன்னேன். தட்டு முடிந்ததும் அவன் உறையை எடுத்து முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தான்.

"சேர், அந்தப் பெண்களைப் பற்றி இதில் ஒன்றுமே இல்லையே?" என்றான்.

என் பழைய வாசகத்தைக் காட்டிலும் இவ்வினா கூரியது. கலை யாருக்காக என்ற கேள்வியை நாம் கைவிட வேண்டியதில்லை. ஆனால், அதைக் கேட்கும்பொழுது, யாருடைய விரல்களால் அது உருவாயிற்று என்பதையும் உடன்கேட்டல் வேண்டும். கேட்டு அனுபவித்தவர்களைக் கொண்டு மாத்திரம் ஒரு கலையை அளந்து புறந்தள்ளுவோமாயின், கிராதியின் மறைவில் நின்று அதை வாசித்தவர்களை நாமும் ஒருமுறை மறைத்தவர்களாவோம். அத்தவற்றைப் பல்லாண்டு செய்தவன் நான். பெட்டியைத் தந்த ஆசிரியருக்கு நன்றிக்கடிதம் எழுதுகையில், அம்மாணவனின் வினாவையும் அதில் எழுதினேன்.