மண் பாதைக்கு எந்த ஹெல்மெட்?

சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டி ஒரகடம் பக்கம் போனால் வரிசையாக வாகனத் தொழிற்சாலைகள். மண் பாதைக்கென்றே 2016-இல் அறிமுகமான ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனும் இந்த வட்டாரத் தயாரிப்புதான். வண்டி வாங்கப் பத்து பேரிடம் விசாரிப்பவர்கள், ஹெல்மெட்டை மட்டும் நிறம் பார்த்து வாங்கிவிடுகிறார்கள்.

மண் பாதை ஹெல்மெட்டில் தாடைப் பகுதி முன்னால் நீண்டிருக்கும். மூச்சு வாங்கும்போது காற்று தாராளமாகக் கிடைக்கும். நெற்றிக்கு மேலுள்ள நீட்டம் வெயிலையும் தெறிக்கும் கல்லையும் தடுக்கும். ஆனால் ஜி.எஸ்.டி. சாலையில் வேகமெடுத்தால் அதே நீட்டத்தில் காற்று பிடித்துக் கழுத்தை இழுக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் அளவு. கன்னத்தை லேசாக அழுத்த வேண்டும். தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக்கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஒருமுறை பலமாக அடிபட்டதை மறுபடி போடக்கூடாது. உள்ளே தெர்மாகோல் நசுங்கியிருக்கும், வெளியே தெரியாது.

2021 டக்கார் பந்தயத்தில் சி.எஸ்.சந்தோஷ் விழுந்து, தலையில் பலத்த காயத்தோடு உயிர் பிழைத்தார். தேர்ந்த வீரரே விழுகிற பாதை அது. நிறத்தைக் கடைசியில் பார்க்கலாம் நண்பர்களே!