பாதியில் நிற்கும் குரல்

தோட்டங்களில் வாழும் நம் சகோதரர்களும் பட்டணத்து நண்பர்களும் ஒருசேர முறையிடும் விஷயம் ஒன்றுண்டு. நீண்ட ஒலிப்பதிவு ஒன்றைப் பதிவிறக்கத் தொடங்கினால், முக்கால் பாகம் வந்து நின்றுவிடுகிறது. மறுபடி தொட்டால் முதலிலிருந்து தொடங்குகிறது. "நேரம் சரியில்லை" என்பார் ஒருவர். "நமக்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான்" என்பார் மற்றொருவர். கோப்பு அறுந்ததற்கும் இராகு காலத்திற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. காரணம் அறியக்கூடியது, பரிகாரமும் உண்டு, அதற்குத் தேங்காய் உடைக்க வேண்டுவதில்லை.

கணக்கைப் பார்ப்போம். குறுந்தட்டின் தரத்தில், சுருக்காமல் வைத்த ஒலி நிமிஷத்திற்குச் சுமார் 10.6 மெகாபைட். இரண்டு மணி நேரப் பேச்சு 1,270 மெகாபைட்டாகும். வினாடிக்கு 1 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் அது வந்து சேர 2 மணி 50 நிமிஷம் பிடிக்கும். செம்பனைக் காட்டின் நடுவே அவ்வளவு நேரம் அலைவரிசை அறாமல் நிற்குமா? பத்தில் ஒன்பது பங்கு வந்தபின் அறுந்து, மறுபடி முதலிலிருந்து இறக்கினால், முன்பே வந்த 1,143 மெகாபைட்டுக்கும் இரண்டாம் முறை விலை கொடுக்கிறோம். வீட்டிற்குக் கம்பி வந்துள்ள பட்டணத்தாருக்கு இது சலிப்பு. முன்பணம் கட்டி அளந்து வாங்கும் தோட்டத்தாருக்கோ கூலியில் விழும் வெட்டு.

விட்ட இடத்திலிருந்து தொடரும் வழி புதியதன்று. 1997-ஆம் ஆண்டில் வெளியான எச்.டி.டி.பி. 1.1 விதிகளிலேயே அது இருக்கிறது. நம் கருவி, "இன்ன பைட்டிலிருந்து அனுப்புக" என்று கேட்கும். எதிர்ப்புறச் சேவையகம் அதற்கு இசைவுடையதாயின் 206 என்ற எண்ணோடு மிச்சத்தை மட்டும் அனுப்பும். இல்லையேல் 200 என்று கூறி முழுவதையும் மறுபடி கொட்டும். ஆகவே அறுந்த கோப்பை அவசரப்பட்டு அழித்துவிடலாகாது. உலாவியில் 'தொடர்க' என்னும் பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். கணினி பழகியவர்கள் டபிள்யூகெட், கர்ல் முதலிய இலவசக் கருவிகளைக் கையாளலாம். சில இடங்களில் சுட்டியே சிறிது நேரத்தில் காலாவதியாகிவிடும். அங்கே வேலை செய்பவர்கள் நம் தோட்டத்தில் ஒரு நாள் தங்கிப் பார்த்தால் அந்த ஏற்பாட்டை நீடிப்பார்களா என்பது சந்தேகமே.

இதனினும் பெரிய ஆபத்து, அறுந்தது அறுந்ததாகவே தெரியாமலிருப்பது. எம்பி3 கோப்பு சிறு சிறு சட்டங்களாக அமைந்தது; பாதியில் வெட்டுண்டாலும் வெட்டுண்ட இடம்வரை ஒழுங்காய்ப் பாடும். சயாம் மரண ரயில் வேலைக்கு, 1943-இல் ஜப்பானியரால் கொண்டுபோகப்பட்ட பெரியவர் ஒருவரின் பேச்சை, அவர் மறையுமுன் அவர் பேரன் இரண்டு மணி நேரம் பதிந்து வைத்தார். அது கைப்பேசிக்குக் கைப்பேசி பரவிற்று. நமக்கு வந்த பிரதி 70 நிமிஷமே. காட்டில் கொட்டகை போட்டதோடு குரல் நின்றுவிடுகிறது. கேட்டவர்கள் பலர், துக்கம் தாளாமல் கிழவர் அவ்விடத்தில் நிறுத்திக்கொண்டார் என்று கண்ணீர் விட்டார்கள்! நிறுத்தியது கிழவரல்லர்.

இதைக் கண்டுகொள்ள முதல் வழி, மூலத்தில் குறித்த அளவையும் நேரத்தையும் நம்மிடமுள்ளதோடு ஒப்பிடுவது. அதனினும் உறுதியானது சரிபார்ப்புத் தொகை. எஸ்.எச்.ஏ.-256 முறையில் எவ்வளவு பெரிய கோப்பும் 64 எழுத்துக்களாகச் சுருங்கும். உள்ளே ஒரு பைட் குறைந்தாலும் அவ்வெழுத்துக்கள் முற்றிலும் மாறிவிடும். 2001-இல் பிராம் கோஹன் வெளியிட்ட பிட்டாரண்ட் முறையோ கோப்பைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் இவ்விதம் சோதித்து, குறைந்ததை மட்டும் மீண்டும் கேட்டு வாங்குகிறது. அமெரிக்காவிலுள்ள இணைய ஆவணக் காப்பகம் தன் கோப்புகளுக்குச் சரிபார்ப்புத் தொகையும் வெளியிடுகிறது, இம்முறையிலும் அனுப்புகிறது.

நம் சங்கங்களும் வாசகசாலைகளும் முதியோரின் குரலைப் பதிந்து இணையத்தில் ஏற்றும்போது, சுருக்காத மூலத்தை ஒருபுறம் பத்திரப்படுத்தி, வினாடிக்கு 64 கிலோபிட் அளவில் எம்பி3 பிரதி ஒன்றையும் வைக்கவேண்டுமென்பது நம் கோரிக்கை. இரண்டு மணி நேரம் அப்போது 58 மெகாபைட்டுக்குள் அடங்கும். பாகம் பாகமாகப் பிரித்து, பாக எண்ணும் அளவும் எழுதிவிட்டால் இன்னும் நலம்.

அந்தப் பேரன் இப்போது பாட்டனாரின் பேச்சை 20 நிமிஷப் பாகங்கள் ஆறாகப் பிரித்து ஏற்றியிருக்கிறார். ஐந்தாம் பாகத்தில் பெரியவர் தோட்டத்திற்குத் திரும்பி வருகிறார்.