ரவைகள் தீர்ந்துபோன காலம்

கொரோனாத் தொற்றுப் பரவிய 2020இல் அமெரிக்கக் கடைகளில் கழிப்பறைக் கடதாசியோடு துப்பாக்கி ரவைகளும் மறைந்தன. நோயச்சம், கலவர அச்சம், தேர்தல் எனப் பலவும் சேர, புதிதாகத் துப்பாக்கி வாங்கியோர் பல இலட்சம் பேர். போதாக்குறைக்கு, ரெமிங்டன் நிறுவனமும் அவ்வாண்டு ஜூலையில் வங்குரோத்து நிலையை அறிவித்தது.

ஓய்வுபெற்றபின் கடதாசி இலக்கில் 0.22 துப்பாக்கியாற் சுட்டுப் பழகுவது எனது பொழுதுபோக்கு. (வெற்று ரவைக்கோதொன்று வளவில் கிடந்தாலே நடுங்கிய யாழ்ப்பாணத்தவன் நான் என்பது வேறு கதை.) ரவையை வீட்டிலேயே மீள நிரப்பலாமே என்பர். 0.22 ரவையில் தீப்பற்றும் மருந்து கோதின் விளிம்புக்குள் இருப்பதால், அது நடைமுறைச் சாத்தியமன்று. பெரிய ரவைகளை நிரப்புவோரும் பிரைமர் கிடையாது தவித்தனர்.

மும்மடங்கு விலைக்கு வாங்கிப் பதுக்குமாறு நண்பரொருவர் வற்புறுத்தினார். நான் இணங்கவில்லை. 1990இன் பொருளாதாரத் தடைக்குள் ஜாம் போத்தல் விளக்கில் செய்தி எழுதியவனுக்குப் பதுக்கற்காரர் மீது இன்றும் கோபம் உண்டு. அவர்களாலேயே பஞ்சம் இரட்டிப்பாகிறது.

மாற்றுவழி எளிது. அறைக்குள் போலி ரவையிட்டு விசையை மட்டும் இழுத்துப் பழகினேன். வெறுமனே இழுத்தால் ஊசி விளிம்பில் மோதிப் பழுதாகலாம். பின்னர் நிலவறையில் 4.5 மில்லிமீற்றர் காற்றுத் துப்பாக்கி, பத்து மீற்றர் தூரம். ஒலிம்பிக்கிலும் இதே அளவுதான். சத்தத்துக்கு முன்னரே தோள் சுருங்கும் பழைய குறை மெல்ல அகன்றது.

ஐம்பது ரவை சுட்ட நாளில் இப்பொழுது பத்துப் போதும். ஒவ்வொன்றுக்கும் மூச்சை அடக்கிக் காத்திருக்கிறேன்.