வெள்ளைச் சாயத்தின் அடியில்

பழைய வார இதழ்களின் நகைச்சுவைப் படங்களைச் சேர்த்து வைப்போர் நம்மிடையே பலர் உண்டு. தொடர்கதைப் பக்கங்களைக் கோபுலுவின் சித்திரங்களோடு பைண்டு செய்து காத்த வீடுகளை எங்கள் ஆலங்காயத்திலும் கண்டிருக்கிறேன். ஆனால், அச்சுக்குப் போகுமுன் ஓவியர் தம் கையால் தீட்டிய மூலப் படத்தைத் தேடுவோர் மிக அரியர். இங்கிலாந்தில் எச்.எம். பேட்மன் (1887–1970) போன்றோரின் மூலப் படங்களை விலை கொடுத்து வாங்கிப் பேணுகிறார்கள். இங்கோ, படத்தைப் புகைப்படமெடுத்துத் துத்தநாகத் தகட்டில் ‘பிளாக்’ செய்துவிட்டால், அட்டையை யார் நினைத்தார்கள்?

1906 முதல் 1910 வரை பாரதியாரின் ‘இந்தியா’ இதழில் வந்த கருத்துப்படங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுத்து 1994-இல் நூலாக்கினார். அப்பக்கங்களைக் காத்தவர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள். எனினும் அச்சு, முடிந்த கோட்டை மட்டுமே காட்டும். கை தயங்கிய இடத்தைக் காட்டாது.

என்னிடம் ஒரே ஒரு மூலப் படம் இருக்கிறது. வாணியம்பாடியில் பழைய காகிதக் கடையொன்றில், எடைக்குப் போட்ட கட்டிலிருந்து எடுத்தது. குடை பிடித்த ஒருவர் கடன்காரரைக் கண்டு மறைகிறார். கறுப்பு மைக்கோட்டின் கீழே பென்சில் கோடுகள்; ஓரத்தில் அச்சகத்தாருக்கு அளவு குறித்த நீலப் பென்சில்; மூக்கின் மேல் வெள்ளைச் சாயப் பூச்சு. கையொப்பமில்லை. 1930-களில் விகடனில் வரைந்து, கோபாலனைக் ‘கோபுலு’ என்றும் சீனிவாசனைச் ‘சில்பி’ என்றும் ஆக்கிய மாலியின் படமென்று சொல்லிக்கொள்ள ஆசைதான்; கோடு அப்படிச் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் தோலைத் தரம் பிரிப்பவர்கள் கத்திக் கீறலையும் சூட்டுத் தழும்பையும் கண்டால் விலையைக் குறைப்பார்கள். இந்த அட்டையிலோ திருத்தங்களே அதன் செல்வம். அவற்றுக்காகவே எடைக்காசுக்கு மேல் கொடுத்தேன். கடைக்காரர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

விளம்பரப் பலகை எழுதும் தொழிலில் இருந்த ரோஜா முத்தையா 1992-இல் மறைந்தபோது விட்டுச்சென்ற நூல்களும் இதழ்களும் 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகின்றன. என் ஒற்றை அட்டையையும் அத்தகைய இடத்தில் சேர்ப்பதே முறை. வீட்டில் கரையான் ஒருபுறம், என் காலத்துக்குப் பின் வரப்போகும் எடைத்தராசு மறுபுறம்.

ஆயினும் சில மாதங்கள் கேட்டிருக்கிறேன். பேரன் நாள்தோறும் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வெள்ளைச் சாயத்தின் அடியில் முதலில் வரைந்த நீண்ட மூக்கைத் தேடிக்கொண்டிருக்கிறான்.