டக்... டக்...

போன மாதம் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து 'டக்... டக்...' என்று சத்தம். பல்லி என்றாள் மனைவி. ஒரு ஃபோல்டர் திறக்கக் கால் மணி நேரம் ஆனபோதுதான் எனக்கு உறைத்தது, பத்து வருட ஹார்ட் டிஸ்க் போகப் போகிறது என்று. அதில்தான் அம்மா பாடியது இருக்கிறது. 2014 நவராத்திரி கொலுவில், நடுநடுவே இருமலோடு நாலு நிமிடம். வேறெங்கும் பிரதி கிடையாது.

"ஸ்கேன் கீன்னு எதுவும் ஓட்டாதீங்கப்பா. வேணுங்கறதை முதல்ல பென் டிரைவ்ல காப்பி பண்ணிட்டு ஆஃப் பண்ணிடுங்க" என்றான் மகன் போனில். அம்மாவைத்தான் முதலில் எடுத்தேன். மூன்று தடவை நின்று நின்று வந்தது. அப்புறம் போட்டோக்கள், பாதிதான் தேறின.

பக்கத்துக் கடைக்காரர் புது கம்ப்யூட்டரே வாங்கிவிடுங்கள் என்றார். பென்ஷன்காரனிடம் சொல்கிற பேச்சா? ரிச்சி தெருவுக்குப் போய் 240 ஜிபி எஸ்.எஸ்.டி. வாங்கினேன், 1,700 ரூபாய். பழைய கேபிள்களே பொருந்தின. விண்டோஸ் ஏற்ற ஒரு சாயங்காலம் போனது.

பாட்டைத் தங்கைக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். "இருமலை வெட்டிடாதேண்ணா" என்று பதில் வந்தது.

பழைய டிஸ்க் பீரோவில் இருக்கிறது. மீதி போட்டோக்கள் அதில்தானே!